வாசனை கிரீஸ்

ஆன் பண்ணி வைத்த கேமராவின் லென்ஸுக்குச் சந்தனத்தில் மூன்று பட்டை போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். கடைசியில் சொன்னால், இந்த ஆளை நல்ல மெக்கானிக் என்று நம்பி இவ்வளவு தூரம் படித்தோமே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும். விவரம் தெரியாத வயதில் செய்ததும் இல்லை. கேமரா ரிப்பேரில் இருபத்தைந்து வருடம் கழித்து, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் "லென்ஸைத் தொடாதீங்க, விரல் ரேகை பட்டாலே போச்சு" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தலைக்குக் குளித்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, முழு நினைவோடு செய்தேன்.

இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் சுகந்தி போன் பண்ணாமல் இருந்திருந்தால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, நான் வேலை பார்த்த திண்டிவனம் கடையின் சர்வீஸ் மேசைக்கு வந்தவர் சுகந்தி. பழைய டிஜிட்டல் கேமராவுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்துவிட்டதாம். கல்லூரிப் பெண்கள் வீட்டு பீரோவிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இதுல எடுத்தாதான் போட்டோ போட்டோ மாதிரி இருக்கு" என்கிறார்களாம். லென்ஸ் வெளியே வராத கேமராவை எப்படித் திறப்பது என்று கேட்பதற்காக அவர் அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார். அன்று கேட்டது வேறு.

"சார், ஒரு டவுட்டு. மரக்காணம் பக்கத்துலேர்ந்து ரெண்டு பேரு வந்து, எங்க கேமராவுக்கும் வாசனை கிரீஸ் போட்டுக் குடுங்கன்றாங்க. ஸ்டாக்குல தேடிட்டேன், நெட்லயும் தேடிட்டேன். அது எந்தக் கம்பெனி சார்?"

"அது இப்ப வர்றதில்லம்மா."

"எப்ப வந்துது சார்?"

"சிக்னல் சரியா இல்லம்மா" என்று வைத்துவிட்டேன். என் வீடு விழுப்புரத்தில் செல்போன் டவருக்கு நேர் எதிரே இருக்கிறது.

அதே வாரம் எங்கள் போட்டோகிராபர் சங்கத்து மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். சரி, சுகந்திக்கும் பதில் சொன்னதாகும், மலருக்கும் நாலு பக்கம் ஆகும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் தொழில் கற்ற கதையை மூன்று வரியில் முடிக்கிறேன். விழுப்புரத்தில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். ஒருநாள் யாரோ ஃப்ளாஷ் கன்னைக் கொண்டுவந்தார்கள். திறந்தேன், ஷாக் அடித்தது, கேமரா மெக்கானிக் ஆகிவிட்டேன். அதற்கப்புறம் சென்னையில் ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஷாக் அடிக்காமல் எப்படித் திறப்பது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு நான் திண்டிவனம் கடைக்கு வந்தேன், டிஜிட்டலும் வந்தது. அதில் ஒரு ரகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சட்டைப் பைக்குள் போகிற சின்னக் கேமராவும் இல்லை, கல்யாணத்தில் லென்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற தொழில் கேமராவும் இல்லை. ஒரே லென்ஸ், கழற்ற முடியாது. ஆனால் ஒரு பொத்தானைத் தள்ளினால் லென்ஸ் முழ நீளத்துக்கு வெளியே வந்து, எதிர்த் தெருவில் காய்கிற வேட்டியின் கரையைக் காட்டும். எங்கள் கடையில் அதற்கு 'முக்கால் கேமரா' என்று பெயர். ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் வாங்கியது அதைத்தான். தொழிலுக்கு வாங்குகிறவன் கேமராவைத் திட்டுவான். ஆசைக்கு வாங்குகிறவன் அதோடு குடும்பம் நடத்துவான். அதனால் முக்கால் கேமராவுக்கு வருகிற புகார்கள் எல்லாம் குடும்பப் புகார்களாகவே இருக்கும்.

அந்தப் புகார்களை எழுதிக்கொள்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார் எங்கள் சர்வீஸ் இன்சார்ஜ் கஸ்தூரி மேடம். தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வருவார். கையில் ஒரு டிபன் கேரியர், தோளில் ஒரு பை, பைக்குள் ஃபாரம் கட்டு. ஃபாரத்தில் மூன்று கட்டம். முதல் கட்டம், 'கஸ்டமர் சொன்னது'. இரண்டாவது, 'நாம் பார்த்தது'. மூன்றாவது, 'செய்தது'. கீழே கஸ்டமர் கையெழுத்து. வேலை முடிந்ததும் மூன்று கட்டத்தையும் கஸ்டமருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும். அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் ஃபாரம் முடிந்தது. இல்லாவிட்டால், கேமரா வீட்டுக்குப் போய் வருடம் ஆனாலும், ஃபாரம் மேடத்தின் பச்சை ஃபைலில் உயிரோடு இருக்கும்.

முதல் கட்டத்தில் கஸ்டமர் வாயிலிருந்து வந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதவேண்டும் என்பது மேடத்தின் சட்டம். நான் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து, "ஜூம் பண்ணா கேமரா மூச்சு வாங்குதுங்க" என்றார். நான் 'மோட்டார் கோளாறு' என்று எழுதினேன்.

மேடம் படித்துவிட்டு, "வாங்க சார்" என்றார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மேடத்துக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் "தனசேகரு, இங்க வாப்பா". "வாங்க சார்" என்றால் தப்பு நடந்திருக்கிறது. "உக்காருங்க சார்" என்றால் மன்னிக்க முடியாத தப்பு.

"அவரு மோட்டாருன்னு சொன்னாரா சார்?"

"இல்ல மேடம். மூச்சு வாங்குதுன்னாரு."

"அப்ப மூச்சு வாங்குதுன்னு எழுதுங்க. கஸ்டமர் வாயில நீங்க இன்னாத்துக்கு டாக்டர் ஆவறீங்க?"

அழித்து எழுதினேன். கேமராவைத் திறந்து பார்த்தால் மோட்டார் தங்கமாக இருந்தது. லென்ஸ் குழலைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம் கிழிந்து, குழல் நீளும்போது காற்று புஸ் புஸ் என்று போய்வந்துகொண்டிருந்தது. உண்மையிலேயே மூச்சுதான் வாங்கியிருக்கிறது. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

என் கையால் எழுதிய முதல் கட்டங்களில் சில இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன. முண்டியம்பாக்கத்தில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்: 'நிலாவை எடுத்தால் இட்லி வருகிறது.' அனந்தபுரத்துக்காரர் ஒருவர்: 'மாமியார் மட்டும் மங்கலாக வருகிறார். சம்சாரம் நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்கிறாள். எழுத்தில் கொடுக்கவும்.'

அந்த அனந்தபுரத்துக்காரரை மறக்க முடியாது. சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர். கேமராவை வாங்கியதே மாடியில் நின்றுகொண்டு கொல்லையைப் பார்ப்பதற்கு. செடியைப் பிடுங்குவது பன்றியா, பங்காளியா என்று அவருக்குத் தெரிந்தாகவேண்டும்.

"தெரிஞ்சிதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிதுங்க."

"யாரு?"

"எம் மாமியாருங்க. வேவிக்கறதுக்கு ஒரு மடி பறிச்சிக்கினு போறாங்க. போட்டோ எடுத்தேன், மங்கலா கீது. காட்டுனா நான் இல்லன்றாங்க."

மாமியார் மங்கலாக இருந்ததற்குக் காரணம், அவர் படம் எடுக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் கேமராவைப் பார்த்ததும் வேகமாக நடந்ததுதான். ஃபாரத்தில் இரண்டாவது கட்டத்தில் 'பொருள் நிற்கவில்லை' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பினேன். மேடம் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு.

இப்போது என் பட்டைக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு அம்மா கடைக்கு வந்தாள். பெயர் அஞ்சலை. மரக்காணத்தை அடுத்த கடலோரக் குப்பம். முப்பது வயதிருக்கும். ஈரத்துணியில் சுற்றிய மீன் மாதிரி, பழைய துண்டில் சுற்றிய ஒரு முக்கால் கேமராவை மேசைமேல் வைத்தாள். துபாயில் வேலை பார்க்கிற தம்பி கொண்டுவந்து கொடுத்ததாம். உறைகூடப் புதுசாக இருந்தது.

"இன்னாம்மா பிரச்சினை?"

"ஜூம்மு போவசொல்ல கரகரன்னுதுண்ணா. பாதியில நின்னு நின்னு போவுது."

"படம் எப்படி வருது?"

"படம் எடுக்கறதில்லண்ணா."

"அப்புறம்?"

"எங்க வூட்டுக்காரரு வர்றாரான்னு பாக்கறதுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் புருஷன் ஏழுமலை தினமும் விடிவதற்கு முன்னால் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கரையில் நின்றால் வருகிற படகெல்லாம் ஒரே கறுப்புப் புள்ளி. இந்தக் கேமராவில் ஜூம் பண்ணிப் பார்த்தால், மற்ற பெண்களுக்கெல்லாம் புள்ளி தெரிகிறபோதே இவளுக்குச் சிவப்புக் கொடியும், கொடிக்குக் கீழே மஞ்சள் பனியனும் தெரிந்துவிடும். படகைப் பார்த்துவிட்டால்தான் அடுப்பில் உலை வைப்பாளாம். அவள் பார்த்துச் சொன்னபிறகுதான் பக்கத்து வீடுகளிலும் உலை வைப்பார்களாம்.

பின்னால் நின்றிருந்த மேடம் சொன்னார்: "தனசேகரு, எழுதுப்பா."

எழுதினேன். 'படம் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் வருகிறாரா என்று பார்ப்பது. ஜூம் போகும்போது கரகரவென்று நிற்கிறது.'

"என்னைக்கு வேணும்மா?" என்று மேடம் கேட்டார்.

"பூஜைக்கு ரெண்டு நாளு படகு எறக்க மாட்டாங்கம்மா. அதுக்கு மறுநாளு போவாரு. அன்னிக்கு வோணும். மழைக்காலம் வேற வந்துடிச்சி."

கோளாறு சின்னதுதான். ஜூம் தள்ளுகிற பொத்தானுக்கு அடியில் கடல் மணல். அன்று சாயங்காலமே ஊதி, துடைத்து, சரிபண்ணிவிட்டேன். லென்ஸ் வெண்ணெய் மாதிரி போய்வந்தது. அதை உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மறுநாள் ஆயுத பூஜை. மேடம் லீவு. போவதற்கு முன்னால் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத்தான் போயிருந்தார்: 'கஸ்டமர் கேமராவைப் பூஜையில் வைக்கக் கூடாது.' கடைக்குப் பூஜை போடுவது எப்போதும் நான்தான். யாரும் நியமித்ததில்லை, நானே எடுத்துக்கொண்ட பதவி. ஸ்க்ரூ டிரைவர் செட், சால்டரிங் அயர்ன், கடையின் டெமோ கேமராக்கள் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். அப்போது, பூட்டாமல் விட்ட அலமாரியின் கண்ணாடி வழியாக அஞ்சலையின் கேமரா தெரிந்தது.

நான் யோசித்தேன். நான் யோசித்த நாட்களில்தான் எல்லாக் கெடுதலும் நடந்திருக்கிறது. இந்த டெமோ கேமராக்கள் என்ன பண்ணுகின்றன? வருகிறவன் போகிறவனின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. இதுகளுக்குச் சந்தனம் குங்குமம். கடலுக்குப் போன ஒருத்தரைத் தினமும் தேடிக் கரை சேர்க்கிற கேமராவுக்கு ஒன்றும் இல்லையா? மேடம் பலகையில் எழுதும்போது இந்தக் கேமராவை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

எடுத்து நடுவில் வைத்தேன். வைத்ததும் விட்டேனா? லென்ஸ் உள்ளே சுருங்கிக் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. சாமிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எப்படி? ஆன் பண்ணி, ஜூமை முழுசாகத் தள்ளி, குழலை வெளியே வரவழைத்தேன். வழவழவென்று கறுப்பாக, லிங்கம் மாதிரியே நின்றது. பார்த்ததும் கை தானாகச் சந்தனக் கிண்ணத்துக்குப் போய்விட்டது. மூன்று விரலால் குழலைச் சுற்றி மூன்று பட்டை. மேலே ஃப்ளாஷ் மேட்டில் ஒரு குங்குமப் பொட்டு. கடையில் இருந்தவர்கள் எல்லாம், "ஆஹா, லட்சணமா கீது சார்" என்றார்கள். சூடம் காட்டினேன். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம்.

தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கேமராவை ஆன் பண்ணி மூன்று நிமிடம் தொடாமல் விட்டால், பேட்டரியை மிச்சப்படுத்த அதுவாகவே அணைந்துவிடும். அணையும்போது லென்ஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கஸ்டமர்களுக்கு ஆயிரம் தடவை விளக்கிச் சொன்னவன் நான்.

சர்ர்ர் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். கேமரா மூன்று பட்டையையும் முழுங்கிவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அப்போதே ஆன் பண்ணித் துடைத்திருக்கலாம். "சாமி ஏத்துக்கிச்சி" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உடம்பு புல்லரித்தது. பொட்டை மட்டும் துடைத்து உறைக்குள் போட்டுவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு விழுப்புரம் வந்து சேர்ந்தேன். மறுநாள் விஜயதசமி, கடை லீவு. அந்த ஒன்றரை நாளில் சந்தனம் என்ன ஆகும்? காயும். நான் வாங்கியது சுத்தச் சந்தனமும் இல்லை. எதையெதையோ கலந்து அரைத்த பாக்கெட் தூள். சிமென்ட் மாதிரி இறுகும்.

மூன்றாம் நாள் காலையில் கடையைத் திறந்ததும் ஆன் பண்ணினேன். 'க்ரீச்' என்றது. லென்ஸ் எரர், அணைத்துவிட்டு மறுபடி ஆன் பண்ணவும் என்று திரையில் எழுத்து வந்தது. அணைத்தேன், ஆன் பண்ணினேன். அணைத்தேன், ஆன் பண்ணினேன். ஏழாவது தடவை நிமிர்ந்து பார்த்தால் எதிரே அஞ்சலை.

"ரெடியாண்ணா? ஜல்தி குடுங்க, அடுத்த பஸ்ஸ புடிக்கணும்."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஏழுமலை விடியற்காலையில் கிளம்பிவிட்டார். அவர் போனபிறகுதான் காற்று மாறி இருக்கிறது, கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை, யாரும் போகவேண்டாம் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். குப்பத்துப் படகில் பாதி போகவில்லை. போனதில் சில திரும்பிவிட்டன. ஏழுமலையின் படகு ஆழத்துக்குப் போயிருக்கிறது. கரையில் நிற்கிற பெண்களெல்லாம், "நீ போய் அந்தக் கேமராவ எடுத்தாடி" என்று இவளைப் பஸ் ஏற்றி விட்டிருக்கிறார்கள்.

சந்தனத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

"ஒரு சின்ன வேலை பாக்கிம்மா. நீ போ. சாயங்காலத்துக்குள்ள நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"மெய்யா வருவியாண்ணா?"

"வருவேம்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வை எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஜூம் பண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது. போய்விட்டாள்.

பத்து நிமிடத்தில் ரயிலிலிருந்து இறங்கி மேடம் வந்தார். முடித்துவைத்த கேமரா மறுபடி மேசைக்கு ஏன் வந்தது என்றார்.

"ஈரம் மேடம். கடலோரக் காத்து. உள்ள பிடிச்சிக்கிச்சி."

இரண்டாவது கட்டத்தில் 'ஈரப்பதம்' என்று எழுதினேன். சந்தனம் போடும்போது ஈரமாகத்தானே இருந்தது என்று மனதுக்குள் ஒரு சமாதானம். மேடம் ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதியாச்சா? செய்ப்பா" என்று போய்விட்டார்.

திறந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக எந்தக் கேமராவையும் திறந்ததில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கேமராவின் படத்தை வரைந்து, அதன்மேல் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டி, கழற்றுகிற ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே ஒட்டிவைக்கவேண்டும். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் போட்டால் பின்பக்கத் திரையைக் குத்திவிடும். அடுத்தது ஃப்ளாஷின் கண்டென்சர். பேட்டரியை எடுத்தபிறகும் அதில் கரண்ட் இருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். இறக்கினேன். இறக்கியது சரியா என்று விரலை வைத்துப் பார்த்தேன். சரியில்லை. "ஆ" என்று கத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனேன்.

உள்ளறையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் சார் நீங்க."

லென்ஸ் குழல் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழல். ஒவ்வொன்றின் உடம்பிலும் சுருள் சுருளாகப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் கடுகு மாதிரி சின்ன முள் ஓடினால்தான் லென்ஸ் நகரும். பள்ளம் முழுக்க என் பக்தி காய்ந்துகிடந்தது. ஸ்பிரிட் போட்டேன், அசையவில்லை. காது குடையும் பஞ்சில் ஒரு சொட்டு வெந்நீர் தொட்டு, ஒரு பள்ளத்தில் கால் அங்குலம் ஊறவைத்து, பிள்ளைகள் பல் துலக்குகிற மெத்து பிரஷ்ஷால் வழித்து, ஈரம் நிற்காமல் உடனே ஸ்பிரிட்டால் துடைத்து, ஊதி, அடுத்த கால் அங்குலம். தண்ணீர் ஒரு சொட்டு கண்ணாடிக்குள் இறங்கினால் கேமரா குருடு. அவசரப்படவும் முடியாது. ஒவ்வொரு கால் அங்குலத்துக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே மேகம் கூடிக்கொண்டு, மத்தியானமே விளக்குப் போடவேண்டியிருந்தது. சாப்பிடவில்லை. மல்லாட்டை உருண்டை ஒன்றை யாரோ பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேடத்தின் டிபன் கேரியரில் இருந்து வந்தது அது என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றரை மணிக்கு எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி ஆன் பண்ணினேன். சர்ர்ர் என்று போனது, வந்தது. ஃபாரத்தில் மூன்றாவது கட்டத்தில் 'சுத்தம் செய்து கிரீஸ் போடப்பட்டது' என்று கிறுக்கிவிட்டு மரக்காணம் பஸ்ஸுக்கு ஓடினேன். ஃபாரம் மேசையிலேயே கிடந்தது.

குப்பத்தில் இறங்கியபோது காற்று வேட்டியைக் கொடியாக்கியது. கரையில் நாற்பது பேர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஞ்சலை என்னைக் கண்டதும் ஓடிவந்து கேமராவைப் பிடுங்கினாள். நன்றி, வணக்கம் எதுவும் இல்லை. கண்ணில் வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பினாள். நான் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீண்டது. கொஞ்சம் தயங்கியது. என் உயிரும் தயங்கியது. பிறகு முழுசாக நீண்டது.

மறுபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. மூன்றாவது தடவை பாதியில் நின்றாள்.

"இன்னாடி தெரியுது?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

அஞ்சலை கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

"அடியே, சொல்லித் தொலையேன்!"

"சேப்பு" என்றாள் அஞ்சலை. "சேப்புக் கொடி." படகு அலைமேல் ஏறியதும், "மஞ்ச பனியன். நின்னுக்கினு கீறாரு."

கேமராவை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள். கரை முழுக்க ஒரே சத்தம். நானும் கண்ணில் வைத்துப் பார்த்தேன். அலைக்கு மேலே ஏறியும் இறங்கியும் ஒரு படகு. அதில் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். இந்தக் கேமராவில் ஒரு படமாவது இருக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினேன். 'கார்டு இல்லை' என்றது.

பிறகு கேட்டேன். "கார்டு வூட்ல பத்திரமா கீதுண்ணா. கவருகூட பிரிக்கல" என்றாள் பெருமையாக.

எல்லாம் முடிந்து படகை மேலே இழுத்தபிறகு, கேமராவைத் துண்டில் சுற்றப் போனவள் நின்றாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னாண்ணா, கமகமன்னுது?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் நான் காலையிலிருந்து பொய்யிலேயே இருந்தவன்; வாய் அந்தப் பக்கமே திரும்பியது.

"அது புது கிரீஸும்மா. வாசனை கிரீஸு."

அவள் புருஷனிடம் நீட்டினாள். அவரும் முகர்ந்து பார்த்து, "சாமி ரூம்பு மாரி கீது" என்றார்.

அதோடு தீர்ந்ததா? ஆறு மாதம் கழித்து அஞ்சலை மறுபடி வந்தாள். "கேமரா நல்லா கீதுண்ணா. வாசனைதான் போயிடிச்சி. அந்த கிரீஸு போட்டுக் குடு. அது போட்ட நாள்லேர்ந்து அவரு ஒரு தபாகூட நேரங்கழிச்சி வந்ததில்ல." நான் என்ன செய்வேன்? லென்ஸுக்குள் இனிமேல் சந்தனம் போக விடுவேனா? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாய் கடையில் சின்னக் குப்பி சந்தன அத்தர் வாங்கி, கேமராவின் கழுத்துப் பட்டையில் ஒரு சொட்டுத் தடவிக் கொடுத்தேன். வருடத்துக்கு இரண்டு தடவை வந்தாள். அப்புறம் குப்பத்தில் துபாய் தம்பிகள் வாங்கிக்கொடுத்த மற்ற கேமராக்களும் வந்தன. "அஞ்சலைக்குப் போட்டதே எங்களுக்கும் போடுங்க." என் டிராயரில் எப்போதும் ஒரு குப்பி இருந்தது. பேஜாராகத்தான் இருந்தது. ஆனால் ரிப்பேரில் அவ்வளவு நல்ல பெயர் நான் வேறு எதற்கும் எடுத்ததில்லை.

ஃபாரம் மட்டும் முடியவில்லை. படித்துக் காட்டினால் 'ஈரப்பதம்' என்று அவள் முகத்துக்கு நேரே படிக்கவேண்டும். அது என்னால் ஆகவில்லை. "அந்தக் குப்பத்து ஃபாரம் இன்னாப்பா ஆச்சு?" என்று மேடம் மாதம் ஒரு தடவை கேட்பார். "அடுத்த தடவை வாங்கிடறேன் மேடம்." நான் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டார்கள். மேடம் பச்சை ஃபைலைத் திறந்து, மஞ்சள் ஏறிப்போன ஒரே ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "இத முடிச்சிடுங்க சார்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். "உக்காருங்க சார்" என்று அவர் சொல்லாதவரை சந்தோஷம்.

போன வாரம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மரக்காணம் பஸ் ஏறினேன். இரண்டாவது கட்டத்தில் 'ஈரப்பதம்' என்பதை அடித்துவிட்டு, 'ஆயுத பூஜையன்று தனசேகரன் ஆன் பண்ணிப் பட்டை போட்டதால் சந்தனம் உள்ளே போய் இறுகியது' என்று பஸ்ஸிலேயே எழுதினேன். சாலை குலுக்கியதில் கையெழுத்தும் நடுங்கியிருந்தது. சாலைமேல் பழியைப் போடுகிறேன்.

அஞ்சலை வாசலில் வலைத் துண்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையில் நரை. உள்ளே ஏழுமலை படுத்திருந்தார். கேமரா ஆணியில் தொங்கியது, அதே துண்டு. போனில் ஜூம் பண்ணினால் படகு கஞ்சி மாதிரி கரைந்துபோகிறது என்பதால் இன்னும் அதேதானாம்.

நின்றபடியே மூன்று கட்டத்தையும் வாய்விட்டுப் படித்தேன். லிங்கம், பட்டை, சூடம், ஒன்றரை நாள், ஈரப்பதம், அத்தர், எல்லாவற்றையும் சொன்னேன். வாசனை கிரீஸ் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, நான்தான் உன்னை இத்தனை வருடமாக ஏமாற்றினேன் என்றேன். உள்ளே ஏழுமலை கட்டில் கிறீச்சிடச் சிரிப்பது கேட்டது. அஞ்சலை சிரிக்கவில்லை. வலையைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் ஆணியிலிருந்து கேமராவை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

நான் பேனாவை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்றேன்.

"மொதல்ல அந்த கிரீஸ போடுண்ணா."